நூறு சதவீதம்

நான் முதன்முதலாகப் பொய்ச் சான்று ஒன்றில் கையெழுத்துப் போட்டபோது எனக்கு வயது 23. அது பொய் என்று அப்போது தெரியாது என்று சொன்னால், அது இரண்டாவது பொய்யாகிவிடும்.

2013ஆம் ஆண்டின் இலையுதிர் காலம். அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றில் முதுநிலைப் படிப்பு, கூடவே ஒரு பேராசிரியரின் ஆய்வகத்தில் உதவியாளர் வேலை. சம்பளம் ஒரு ஃபெடரல் நல்கையிலிருந்து வந்தது. சென்சார் தரவுகளைச் சுத்தம் செய்து வகைப்படுத்த நிரல் எழுத வேண்டும். ஆனால் அந்தப் பருவத்தில் ஆறு வாரம் நான் அந்தப் பக்கமே போகவில்லை. பேராசிரியர் ஒரு தனியார் நிறுவனத்துக்காகச் செய்துகொண்டிருந்த வேறொரு திட்டத்துக்கு அவசரமாக ஒரு டெமோ தேவைப்பட்டது. இரண்டு வாரத்தில் முடித்துவிடலாம் என்றார். இரண்டு, ஆறானது.

டிசம்பரில் துறை அலுவலகத்தில் ஒரு தாளை நீட்டினார்கள். என் பெயர், திட்டத்தின் எண், எதிரே 100%. மேற்கண்ட விகிதம் நான் உண்மையில் செய்த வேலையை நியாயமாகக் காட்டுகிறது என்ற பொருளில் கீழே ஒரு வரி. அதற்கும் கீழே கையெழுத்துக்கான கோடு. உடன் வந்திருந்த அறைத்தோழனிடம் கேட்டேன்.

"மச்சி, இதுல நூறுன்னு போட்டிருக்கு. நான் அவ்ளோ பண்ணலையேடா?"

"எல்லாருக்கும் நூறுதான் போடுவாங்க. போட்டுட்டு வா, பஸ் போயிடும்."

போட்டேன். பஸ்ஸையும் பிடித்துவிட்டோம்.

நான்கு ஆண்டுகள் கழித்து வேறொரு மாநிலத்தில், வேறொரு பல்கலைக்கழகத்தின் ஆய்வு நிர்வாக அலுவலகத்தில் மென்பொருள் பொறியாளராகச் சேர்ந்தேன். எனக்குக் கிடைத்த முதல் பெரிய வேலை, அதே மாதிரியான தாளை இணையப் பக்கமாக மாற்றுவது.

*

ஆய்வு நிதி என்றால் அரசாங்கம் பேராசிரியருக்குப் பணம் கொடுக்கிறது என்றுதான் நானும் நினைத்திருந்தேன். அப்படி இல்லை. என்.ஐ.எச். எனப்படும் தேசிய சுகாதார நிறுவனங்களோ, என்.எஸ்.எஃப். எனப்படும் தேசிய அறிவியல் அறக்கட்டளையோ நல்கையைத் தருவது பல்கலைக்கழகத்துக்கு. பேராசிரியர் அந்தத் திட்டத்தின் முதன்மை ஆய்வாளர், அவ்வளவுதான். எழுதிச் சமர்ப்பிப்பதும் ஆய்வு செய்வதும் அவர். ஆனால் ஒவ்வொரு டாலருக்கும் பதில் சொல்ல வேண்டியது பல்கலைக்கழகம். எங்களைப் போன்ற அலுவலகங்கள் இருப்பதே அதற்குத்தான்.

பதில் சொல்லும் முறை ஒரு விதித்தொகுப்பில் இருக்கிறது. ஃபெடரல் விதிமுறைகளின் 2ஆம் தலைப்பு, 200ஆம் பகுதி. சுருக்கமாக 'யூனிஃபார்ம் கைடன்ஸ்' என்பார்கள். அதுவரை தனித்தனிச் சுற்றறிக்கைகளாக இருந்தவற்றை ஒன்றாக்கி 2014 டிசம்பரில் நடைமுறைக்கு வந்தது. எந்தச் செலவும் மூன்று கேள்விகளைத் தாண்டியாக வேண்டும். ஒன்று, நியாயமானதா? விவேகமுள்ள ஒருவர் அதே சூழ்நிலையில் அந்த விலையைக் கொடுத்திருப்பாரா? இரண்டு, இந்தத் திட்டத்துக்கு உரியதா? இரண்டு திட்டங்கள் ஒரே உறைபெட்டியைப் பயன்படுத்தினால், எது எவ்வளவு பயன்பெற்றதோ அந்த விகிதத்தில் பிரித்துத்தான் எழுத வேண்டும். எதில் பணம் மிச்சம் இருக்கிறதோ அதில் எழுதக்கூடாது. மூன்று, அனுமதிக்கப்பட்டதா? மது கூடாது. கேளிக்கை கூடாது.

விமானப் பயணத்துக்குத் தனிச் சட்டமே உண்டு. ஃபெடரல் பணத்தில் பறப்பவர் அமெரிக்க விமான நிறுவனத்தில்தான் பறக்க வேண்டும் என்கிறது, 1970களில் வந்த 'ஃப்ளை அமெரிக்கா' சட்டம். சென்னையில் கருத்தரங்குக்குப் போக நினைக்கும் நம்மவர்கள் முதலில் முட்டிக்கொள்வது இதில்தான். வளைகுடா விமானத்தில் டிக்கெட் மலிவாக இருக்கும், வாங்க முடியாது. ஆனால் ஒரு அமெரிக்க நிறுவனம் கூட்டு ஏற்பாட்டில் தன் எண்ணைப் போட்டு விற்றால், அதே விமானத்தில் அதே இருக்கையில் உட்கார்ந்து போகலாம். டிக்கெட்டில் இருக்கும் இரண்டு எழுத்துதான் வித்தியாசம். இதை ஒரு பேராசிரியருக்குத் தொலைபேசியில் விளக்கிப் பாருங்கள், எங்கள் அலுவலகத்துக்கு ஏன் நல்ல பெயரே இல்லை என்று புரியும்.

ஆனாலும் பொருளுக்கு ரசீது உண்டு, விமானத்துக்கு டிக்கெட் உண்டு. நேரத்துக்கு என்ன உண்டு? பெரும்பாலான நல்கைகளில் பெரிய செலவு சம்பளம்தான். இந்த ஆள் இந்த ஆறு மாதத்தில் இந்தத் திட்டத்துக்காகத்தான் உழைத்தார் என்பதற்கு, அதைத் தெரிந்த ஒருவரின் வார்த்தையைத் தவிர வேறு ஆதாரம் கிடையாது. அதனால்தான் அந்தத் தாள். 2014இன் விதித்தொகுப்பு அந்தத் தாளையே கட்டாயமாக்கவில்லை. சம்பளக் கணக்கு உண்மையான வேலையைக் காட்ட வேண்டும், அதற்கு நம்பகமான உள்கட்டுப்பாடு இருக்க வேண்டும் என்று மட்டும் சொன்னது. ஆனாலும் பல பல்கலைக்கழகங்கள் தாளை விடவில்லை. பயம்தான்.

*

நான் வேலையை ரசித்துச் செய்தேன். பேராசிரியர்கள் மீது உண்மையான பரிதாபம் இருந்தது. 2018இல் எடுத்த ஒரு தேசிய அளவிலான கணக்கெடுப்பில், ஃபெடரல் நிதி பெறும் முதன்மை ஆய்வாளர்கள் தங்கள் ஆய்வு நேரத்தில் 44 சதவீதத்துக்கும் மேல் ஆய்வு அல்லாத வேலைகளுக்கே போகிறது என்று சொல்லியிருந்தார்கள். நல்கைக்கு விண்ணப்பிப்பது, அறிக்கை எழுதுவது, பயிற்சி முடித்த சான்றைத் தேடுவது, எங்களுக்குப் பதில் எழுதுவது. பாதிக்குச் சற்றுக் குறைவு! புற்றுநோய் செல்லைப் பார்க்க வேண்டிய கண்கள் என் படிவத்தைப் பார்த்துக்கொண்டிருக்கின்றன என்பது எனக்குக் குற்றவுணர்வாகவே இருந்தது.

எனவே ஒரு பட்டன் வைத்தேன். ஆய்வகத்தில் பதினைந்து பேர் இருந்தால் பதினைந்து வரிகளும் ஒரே திரையில் தெரியும். மேலே வலப்பக்கம் 'அனைத்தையும் சான்றளி'. ஒரு அழுத்து, முடிந்தது. முன்பெல்லாம் கெடு தாண்டியும் வாரக்கணக்கில் நினைவூட்டல் அனுப்பிக்கொண்டிருந்த அலுவலகம் அது. புதிய பக்கம் வந்த முதல் பருவத்திலேயே கிட்டத்தட்ட எல்லாரும் கெடுவுக்குள் முடித்திருந்தார்கள். இயக்குநர் என்னை எழுந்து நிற்கச் சொல்லி எல்லாரையும் கைதட்டச் சொன்னார். எங்கள் ஊர்ப் பள்ளி ஆண்டு விழாவில்கூட யாரும் எனக்காகக் கைதட்டியதில்லை.

ஒருவர் மட்டும் தட்டவில்லை. உயிரியல் துறையின் நல்கைகளை முப்பது ஆண்டுக்கும் மேலாகப் பார்த்துவந்த மேலாளர் அம்மா. உள்ளூர்க்காரர். கண்ணாடியைச் சங்கிலியில் கழுத்தில் தொங்கவிட்டிருப்பார். டெமோவின்போது ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"இதை யார் பார்ப்பார்கள்?"

"பேராசிரியர்."

"அவர் அழுத்துவார். யார் பார்ப்பார்கள் என்று கேட்டேன்."

எல்லாரும் சிரித்தார்கள். நானும்.

*

பிறகு மதிய உணவு வேளைகளில் அவர் எனக்குக் கதை சொல்ல ஆரம்பித்தார். படிவத்தில் இருக்கும் ஒவ்வொரு கட்டமும் ஒரு தழும்பு என்பார். ஏதாவது ஒரு கட்டத்தைக் காட்டி, "இது ஏன் வந்தது தெரியுமா?" என்று தொடங்குவார்.

மறைமுகச் செலவில் நிர்வாகத்துக்கு 26 சதவீதத்துக்கு மேல் கேட்க முடியாது என்று ஒரு வரம்பு இருக்கிறது. அது 1991இல் வந்தது. கட்டடம், மின்சாரம், நூலகம், எங்களைப் போன்ற அலுவலகங்கள் என எல்லாத் திட்டங்களுக்கும் பொதுவான செலவுகளைப் பல்கலைக்கழகம் ஒரு விகிதமாக அரசிடம் வாங்கிக்கொள்ளும். ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகம் அந்தக் கணக்கில் ஒரு உல்லாசப் படகின் தேய்மானத்தையும், தலைவரின் இல்லத்துக்கான செலவுகளையும் சேர்த்திருந்தது தெரியவந்து, நாடாளுமன்றத்தில் விசாரணை நடந்தது. படகு கணக்குப் பிழையால் வந்தது என்றது பல்கலைக்கழகம். பின்னால் அரசும் மோசடி என்று குற்றம் சாட்டாமல் வழக்கை முடித்துக்கொண்டது. அதற்குள் தலைவர் டொனால்ட் கென்னடி பதவி விலகியிருந்தார். வரம்பு மட்டும் இன்றுவரை நிற்கிறது. விதிகள் எவ்வளவு கூடினாலும் அவற்றைப் பின்பற்ற ஆகும் நிர்வாகச் செலவு அந்த 26க்குள் அடங்கியாக வேண்டும். மீறினால் பல்கலைக்கழகத்தின் கைக்காசு. என் சம்பளமே அந்தக் கணக்கில் வருகிற சங்கதிதான்.

மனிதர்களை வைத்துச் செய்யும் ஆய்வுக்கு அறநெறிக் குழுவின் ஒப்புதல் எண் இல்லாமல் எங்கள் மென்பொருளில் செலவுக் கணக்கே திறக்காது. அந்தக் கட்டத்தின் பின்னால் அலபாமாவின் டஸ்கிகீ இருக்கிறது. 1932 முதல் 1972 வரை, நாற்பது ஆண்டுகள், அமெரிக்கப் பொதுச் சுகாதாரத் துறை சிஃபிலிஸ் கண்ட 399 கறுப்பின ஆண்களுக்கு முறையான சிகிச்சை கொடுக்காமல், நோய் எப்படி முற்றுகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தது. 1940களின் கடைசியிலேயே பென்சிலின் வழக்கமான மருந்தாகிவிட்டது. அப்போதும் கொடுக்கவில்லை. 1972இல் செய்தி வெளியாகி, 1974இல் சட்டம் வந்தது. "அங்கேயும் படிவங்கள் இருந்தன. ஒழுங்காக நிரப்பியும் இருந்தார்கள்" என்றார் மேலாளர் அம்மா.

மூன்றாவது அப்போதுதான் ஆறிக்கொண்டிருந்த காயம். 2019இல் டியூக் பல்கலைக்கழகம் அரசுக்கு 11 கோடியே 25 லட்சம் டாலர் கட்டியது. நுரையீரல் ஆய்வகம் ஒன்றில் எலிகளைப் பற்றிய தரவுகள் பொய்யாக உருவாக்கப்பட்டு, அவற்றைக் காட்டி நல்கைகள் வாங்கப்பட்டன என்பது வழக்கு. அதைத் தொடுத்தவர் அங்கே வேலை பார்த்த ஒரு பகுப்பாய்வாளர். உள்நாட்டுப் போர் காலத்தில் படைக்கு மட்டமான சரக்கை விற்றவர்களைப் பிடிக்க லிங்கன் காலத்தில், 1863இல் வந்த பொய்க்கோரல் சட்டம்தான் ஆயுதம். அரசிடம் பொய் சொல்லி வாங்கிய பணத்தை மூன்று மடங்காகத் திருப்ப வைக்கலாம். காட்டிக்கொடுத்தவருக்கும் பங்கு உண்டு.

இந்தக் கதைகளைக் கேட்டுவிட்டு மேசைக்குத் திரும்பி, என் பட்டனின் நிறத்தைப் பச்சையிலிருந்து நீலமாக மாற்றும் வேலையைத் தொடர்ந்தேன்.

*

2021இல் உள்தணிக்கையில் ஒன்று சிக்கியது. ஒரு ஆய்வகத்தின் தொழில்நுட்ப உதவியாளர் ஒன்றரை ஆண்டுக்கு முன்பே ஃபெடரல் திட்டத்திலிருந்து, ஒரு தனியார் அறக்கட்டளை பணம் தந்த வேறொரு திட்டத்துக்கு மாறிவிட்டார். ஒரே ஆய்வகம், ஒரே மேசை, வேறு வேலை. சம்பளக் கணக்கை மட்டும் யாரும் மாற்றவில்லை. பேராசிரியர் மூன்று பருவங்களாக 'அனைத்தையும் சான்றளி' பட்டனை அழுத்தியிருந்தார். எங்கள் பதிவேட்டில் நேரம் இருந்தது. பக்கம் திறந்ததற்கும் அழுத்தியதற்கும் இடையே மூன்று தடவையும் பத்து வினாடிகூட இல்லை.

அவர் ஏமாற்றவில்லை. அதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. ஆனால் பணத்தை அரசுக்குத் திருப்பியாக வேண்டும். அறக்கட்டளைத் திட்டம் முடிந்து கணக்கு மூடப்பட்டிருந்தது. ஆகவே பேராசிரியரிடம் இருந்த பொது நிதியிலிருந்து எடுத்தார்கள். அந்த நிதி, ஒரு நல்கை முடிந்து அடுத்தது வரும் வரையான இடைவெளியில் ஒரு முதுமுனைவர் ஆய்வாளரைத் தாங்குவதற்காக வைத்திருந்தது.

அந்த ஆய்வாளரை எனக்குத் தெரியும். ஒரே நிறுத்தத்தில் பஸ் ஏறுவோம். வேறொரு நாட்டிலிருந்து வந்தவர், எச்-1பி விசா, பள்ளியில் சேர்த்த வருடமே ஆன மகள். வேலை போனால் அறுபது நாள் அவகாசம். நடந்ததில் அவருடைய பங்கு எதுவுமே இல்லை. கிளம்பும் வாரம் என் அறைக்கு வந்தார். அவருடைய கடைசிச் சான்றுப் பக்கம் திறக்கவில்லையாம். பார்த்தேன், அனுமதி அமைப்பில் சின்னப் பிழை. சரிசெய்து கொடுத்தேன். என் எதிரிலேயே கைப்பேசியில் அழுத்தினார்.

"அவ்வளவுதானா? ரொம்ப சுலபம்" என்றார். உண்மையாகவே பாராட்டாகத்தான் சொன்னார்.

*

அந்த ஞாயிற்றுக்கிழமை அப்பாவிடம் பேசும்போது இதைச் சொன்னேன். அப்பா சார் கருவூலத்தில் கணக்கராக இருந்து ஓய்வு பெற்றவர். என் வேலை என்ன என்று அவருக்கு அதுவரை சரியாகப் புரிந்ததில்லை. அன்று உடனே புரிந்துவிட்டது.

"பென்சன்காரங்க நேர்காணல் மாதிரிதானேடா?"

சின்ன வயதில் பார்த்திருக்கிறேன். கோடையில் கருவூலத்தின் வேப்பமரத்தடியில் வரிசையாக உட்கார்ந்திருக்கும் தாத்தாக்கள், பாட்டிகள். உயிரோடு இருக்கிறோம் என்று காட்ட வருஷத்துக்கு ஒருமுறை நேரில் வந்தாக வேண்டும். மஞ்சள் பையில் பென்சன் புத்தகம். அப்பா ஒவ்வொருவரையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, முகத்தைப் பார்த்து, படத்தைப் பார்த்து, டிக் அடிப்பார். நடக்க முடியாத ஒரு ஆசிரியர் அம்மாவை ஆட்டோவிலேயே போய்ப் பார்த்துவிட்டு வந்தது நினைவிருக்கிறது.

"அந்த வெயில்ல அவங்கள வரவழைக்கிறது பாவம்பா" என்றேன்.

"பாவம்தான். அதான் நான் வாசலுக்குப் போவேன். அதுக்காகப் பாக்காம டிக் அடிக்கச் சொல்றியா?"

விதி தேவையா, தொல்லையா என்ற கேள்வியில்தான் நான் அத்தனை வருடமும் சுற்றிக்கொண்டிருந்தேன். அப்பா சுமையைத் தன் பக்கம் எடுத்துக்கொண்டார், பார்ப்பதை மட்டும் விடவில்லை. நான் சுமையைக் குறைப்பதாக நினைத்துப் பார்ப்பதை எடுத்துவிட்டேன். சான்றளித்தல் என்ற வேலையில் இருந்ததே அந்த ஒன்றுதான்.

பட்டனை எடுத்தோம். எளிதாக நடக்கவில்லை. கைதட்டச் சொன்ன அதே இயக்குநர் இரண்டு கூட்டங்களில் மறுத்தார். பிறகு மேலாளர் அம்மாவும் நானும் சேர்ந்து வேறு பக்கம் ஒன்றை வடிவமைத்தோம். கணினியால் தெரிந்துகொள்ளக் கூடியதை எல்லாம் அதுவே தேடி எடுக்கும்: விடுப்பு, இடமாற்றம், முடிந்துபோன திட்டங்கள், போன பருவத்திலிருந்து மாறிய விகிதங்கள். பேராசிரியர் அவற்றைத் தேட வேண்டாம். ஆனால் ஒவ்வொரு ஆளையும் தனியாகத் திறக்க வேண்டும். திறந்தால் ஒரு சின்னப் பெட்டி: 'இந்தக் காலத்தில் இவர் இந்தத் திட்டத்தில் என்ன செய்தார்?' ஒரு வரி போதும்.

திட்டினார்கள். இன்னும் திட்டுகிறார்கள். 'வேலை' என்ற ஒரே சொல்லைப் பதினைந்து பேருக்கும் ஒட்டுகிறவர்கள் உண்டு. ஆனால் முதல் பருவத்திலேயே சில பேராசிரியர்கள் அவர்களாகவே அழைத்து, ஒரு விகிதத்தைத் திருத்த வேண்டும் என்றார்கள். பெட்டியில் எழுதப் போனபோதுதான் எழுத ஒன்றும் இல்லை என்று தெரிந்ததாம்.

*

2025 பிப்ரவரி 7ஆம் தேதி, எல்லாப் பல்கலைக்கழகங்களுக்கும் மறைமுகச் செலவு இனி 15 சதவீதம் மட்டுமே என்று என்.ஐ.எச். அறிவித்தது. பேச்சுவார்த்தை நடத்தி நிர்ணயித்த விகிதங்கள் பல இடங்களில் ஐம்பதுக்கு மேல். மாநிலங்களும் பல்கலைக்கழகங்களும் வழக்குத் தொடுத்தன, பாஸ்டனில் ஃபெடரல் நீதிமன்றம் தடுத்தது. ஆனால் அந்த வசந்தத்தில் வேறொன்றும் நடந்தது. நடந்துகொண்டிருந்த நல்கைகள் நாடெங்கும் ரத்தாகத் தொடங்கின. காரணமாகக் காட்டப்பட்டது நான் வரி வரியாக நிரலாக்கிய அதே 200ஆம் பகுதியின் ஒரு பிரிவு: நல்கை நிறுவனத்தின் முன்னுரிமைகளுக்கு இனி உதவவில்லை என்றால் நிறுத்தலாம்.

எங்கள் மென்பொருளில் நல்கையின் நிலையைக் காட்டும் பட்டியலில் 'ரத்து' என்ற சொல் முதல் நாளிலிருந்தே இருந்தது. எட்டு ஆண்டுகளில் அது பயன்பட்டதை விரல் விட்டு எண்ணலாம். அந்த வசந்தத்தில் அதற்கென்று தனி வடிகட்டி வேண்டும் என்று கேட்டார்கள். எழுதிக் கொடுத்தேன். கணக்கு ஒழுங்காக இருந்த திட்டங்களும் அதில் இருந்தன. விதிப்படி நடந்தால் பாதுகாப்பு என்றுதான் பேராசிரியர்களிடம் இத்தனை நாள் சொல்லிவந்தோம். இப்போது அந்த வாக்கியத்தைப் பயிற்சிக் கோப்பிலிருந்து எடுத்துவிட்டோம்.

ரத்தான நல்கைக்கும் கணக்கு முடித்தாக வேண்டும், நூற்றிருபது நாளில். சான்றும் அளித்தாக வேண்டும். அந்தப் பருவத்தின் பெட்டிகளைச் சரிபார்க்கும் வேலை என்னிடம் வந்தது. 'வேலை' என்று ஒட்டியவர் யாரும் இல்லை. ஒருவர் எழுதியிருந்தார்: 'நிறுத்தப்பட்ட நாள் வரை, உறைந்த மாதிரிகளை எண்ணிப் பட்டியலிட்டார்.' இன்னொருவர்: 'ஆய்வில் பங்கேற்றவர்களைத் தொலைபேசியில் அழைத்து, இனி வர வேண்டாம் என்று சொன்னார்.'

புதிய மாற்றம் எதையும் வெளியிடுவதற்கு முன் சோதனைத் தளத்தில் போலித் தரவு போட்டுப் பார்ப்போம். என் பெயரையே போடுவது என் வழக்கம். அன்று மாலை ஆய்வு உதவியாளர் என்று என் பெயரைச் சேர்த்தேன். தேதி கேட்டது. 2013 ஆகஸ்ட் முதல் டிசம்பர் வரை என்று கொடுத்தேன். விகிதம், 100. அந்த நிஜத் தாள் இந்நேரம் அரைபட்டுப் போயிருக்கும். கடைசி நிதி அறிக்கையிலிருந்து மூன்று ஆண்டுகள்தான் ஆவணங்களை வைத்திருக்க வேண்டும் என்பது விதி. பெட்டி திறந்தது. என்ன செய்தார்?

'ஆறு வாரம் வேறு வேலை' என்று எழுதினேன்.

விகிதத்தைத் திருத்த வேண்டுமா என்று பக்கம் கேட்கவில்லை. அப்படி ஒரு வசதி இல்லை என்பதை அப்போதுதான் கவனித்தேன். அடுத்த நாள் செய்ய வேண்டிய வேலைகளில் அதைக் குறித்துக்கொண்டேன். சோதனைத் தரவு ஞாயிறு இரவு தானாக அழிந்துவிடும்.